மாலை கழற்றிய மறுநாள்



கார்த்திகைத் திங்கள் முதல் நாள் விடியற்காலையில் திருக்கோயில் வாயில்களில் கூடும் கூட்டத்தை அனைவரும் கண்டிருப்பர். குளிர்ந்த நீரில் நீராடி, நீறணிந்து, கறுப்பு வேட்டியோ நீல வேட்டியோ உடுத்தி, குருசாமியின் கையால் துளசிமணி மாலையைக் கழுத்தில் ஏற்கும் அடியார்களில் பலர், முந்தைய இரவு வரை பீடியும் சிகரெட்டும் விடாதவர்கள். கோயிலுக்கு வரும் வழியிலேயே கடைசிப் பீடியைப் புகைத்து எறிந்துவிட்டு வந்தவர்களும் அவர்களுள் உண்டு. மாலை கழுத்தில் விழுந்த அக்கணம் முதல் அவர்கள் புகையைத் தொடுவதில்லை. 41 நாட்கள் அவ்வாறே கழிகின்றன. இல்லாள் பத்தாண்டு மன்றாடியும் நடவாத செயல், மருத்துவர் அதட்டியும் நடவாத செயல், ஒரு மாலையால் நடந்துவிடுகிறது.

இது வியப்பிற்குரியது. இதனினும் வியப்பிற்குரியது ஒன்று உண்டு. மலையேறித் தரிசனம் முடித்துத் திரும்பும் வண்டி குமுளியிலோ கம்பத்திலோ தேநீர்க் கடை ஓரம் நிற்கிறது. மலையிலேயே மாலையைக் கழற்றிவிட்ட சிலர், ஊர் சென்று சேரும் வரைகூடப் பொறாமல் பெட்டிக்கடையை நோக்கி விரைகின்றனர். ஏனையோர் வீட்டில் தாயார் கையால் மாலையைக் கழற்றிச் சுவாமி படத்திற்குச் சாத்திவிட்டு, அன்று மாலையே தெருமுனைக்குச் செல்கின்றனர். 41 நாட்கள் கேளாதிருந்த உடம்பு 42ஆம் நாள் ஏன் கேட்கிறது?

பழந்தமிழ் நூல்களில் இதற்கு நேரான விடை இல்லை. வள்ளுவப் பெருந்தகை கள்ளுண்ணாமைக்கும் சூதுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்தார், புகைக்கு வகுக்கவில்லை. காரணம் எளிது. புகையிலை அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் கொண்டுவந்த பின்னரே பாரத நாடு அதனை அறிந்தது. வந்த செடி விரைவாகவே வேரூன்றிவிட்டது. பழனி முருகப்பெருமானிடம் புகையிலையையே தூது அனுப்புவதாகச் சீனிச்சர்க்கரைப் புலவர் ‘புகையிலை விடு தூது’ என்றொரு நூலே பாடினார், உ. வே. சாமிநாதையர் அதனைப் பதிப்பித்தார். புலவரைக் குறை கூறுவதற்கில்லை. அந்த இலைக்குள் இருப்பது இன்னதென்று அவர் காலத்தவர் அறிந்திலர்.

இலைக்குள் இருப்பது நிக்கோட்டின். புகையை உள்ளிழுத்த 10 முதல் 20 நொடிகளுக்குள் அது மூளையைச் சென்றடைந்து, ஒரு நிறைவுணர்வை எழுப்புகிறது. ஏறத்தாழ 2 மணி நேரத்தில் இரத்தத்திலுள்ள நிக்கோட்டின் பாதியாகக் குறைந்துவிடுகிறது. குறையக் குறைய எரிச்சலும் நிலைகொள்ளாமையும் தலைதூக்குகின்றன. அடுத்த பீடி அந்த எரிச்சலைத் தணிக்கிறது. தணிந்ததைப் புகைப்பவர் இன்பம் என்று கொள்கிறார். சிரங்கு உள்ளவருக்குச் சொறிவதில் சுகம் இருக்கிறது. சிரங்கு இல்லாதவர் அந்தச் சுகத்தைத் தேடி அலைவதில்லை.

புகைப்பதை அறவே நிறுத்தியவருக்குச் சில மணி நேரத்திலேயே தொல்லை தொடங்குகிறது. 2ஆம் நாளும் 3ஆம் நாளும் அது உச்சத்தை அடைகிறது. சினம், தலைவலி, உறக்கமின்மை, எதிலும் மனம் ஊன்றாமை ஆகியவை தோன்றுகின்றன. பின்னர் படிப்படியாகத் தணிந்து, 2 முதல் 4 வாரங்களில் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன. 41 நாட்கள் என்பது ஏறத்தாழ 6 வாரங்கள். எனவே மலையிலிருந்து திரும்பும் அடியார், உடம்பு தரும் துன்பத்தின் கடினமான பகுதி முழுவதையும் தாண்டியவர். தாண்டிவிட்டோம் என்பதை அவருக்கு எவரும் எடுத்துக் கூறுவதில்லை, அதுவே குறை. ‘பொறுத்துக்கொண்டிருந்தேன், பொறுத்த காலம் முடிந்தது’ என்றே அவர் எண்ணுகிறார்.

திருமலைக்குச் சென்று வந்தவர்கள் மற்றொன்றையும் அறிவார்கள். அம்மலையில் புகைத்தல் முற்றிலும் தடை செய்யப்பட்டுள்ளது. அலிபிரியில் சோதனையின்போதே பீடி சிகரெட்டை எடுத்துவிடுகின்றனர். அரை மணிக்கு ஒருமுறை புகைப்பவர், தரிசன வரிசையில் பல மணி நேரம் நிற்கும்போது அதனைப் பெரிதாக நினைப்பதில்லை. மலை இறங்கி, கீழே முதல் கடை கண்ணில் பட்டதும் நா வறள்கிறது. கை சட்டைப்பையைத் துழாவுகிறது.

இவ்வனுபவத்தை ஆய்வாளர்களும் அளந்து பார்த்துள்ளனர். இஸ்ரேல் நாட்டின் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தார், புகைப்பழக்கம் உடைய விமானப் பணியாளர்களிடம் நடத்திய ஆய்வு 2010ஆம் ஆண்டு வெளிவந்தது. விமானத்தில் புகைத்தல் கூடாது. ஐரோப்பாவுக்குச் செல்லும் பயணம் 3 முதல் 5 மணி நேரம். நியூயார்க் செல்லும் பயணம் 10 முதல் 13 மணி நேரம். நெடும்பயணத்தில் வேட்கை மிகுதியாக இருக்கும் என்றே எவரும் கருதுவர். ஆய்வில் கண்டது வேறு. குறும்பயணத்தில் விமானம் இறங்கும் வேளையில் எழுந்த வேட்கை, நெடும்பயணத்தில் அதே மணி நேரம் கடந்த நிலையில் எழுந்ததைவிட மிகுதியாக இருந்தது. நெடும்பயணம் முடியும் வேளையில்தான் அங்கும் அது எழுந்தது. எத்தனை மணி நேரம் புகைக்கவில்லை என்பதைக் காட்டிலும், இன்னும் எவ்வளவு நேரத்தில் புகைக்கலாம் என்ற எதிர்பார்ப்பே வேட்கையை மிகுதியாகக் கிளப்பியது.

கதவு சாத்தியிருக்கும்போது மனம் தட்டுவதில்லை. திறக்கப் போகிறது என்று தெரிந்தால் தட்டத் தொடங்குகிறது. மாலை அணிந்தவருக்கு 41 நாட்கள் கதவு சாத்தியிருந்தது. ஆயினும் அது திறக்கும் நாள் இன்ன நாள் என்று முதல் நாளே குறித்து வைத்திருந்தார். 42ஆம் நாள் எழும் வேட்கை, உடம்பின் தேவையினும் குறித்து வைத்த அந்தத் தேதியின் வேலையே பெரிது. ‘அவா அறுத்தல்’ என்று 37ஆம் அதிகாரத்திற்குத் தலைப்பு அமைந்தது கருதத்தக்கது. அறுத்தல் வேறு, 41 நாட்களுக்கு ஒத்திவைத்தல் வேறு.

குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவரைக் கருத்தில் கொள்ளலாம். வயது 42. இருபது ஆண்டுப் பழக்கம். நாளொன்றுக்கு ஒரு கட்டு. கட்டுக்கு 25 பீடி என்று கொண்டால், விரத காலத்தில் அவர் புகைக்காமல் விட்டவை 1,025. எழுந்ததும் ஒன்று, கழிப்பறைக்குச் செல்லும்போது ஒன்று, தேநீரோடு ஒன்று, நூல் அறுந்து தறி நிற்கும்போது ஒன்று, இரவு ஷிப்டில் கண்ணயர்வு வரும்போது ஒன்று என்று ஒவ்வொரு பீடிக்கும் ஓர் இடமும் வேளையும் இருந்தன.

மாலை அணிந்ததும் அந்த வேளைகள் வேறொன்றால் நிரம்பிவிட்டன. நான்கரை மணிக்குத் தண்ணீரில் தலை நனைத்தவருக்கு முதல் பீடியின் வேளை போயிற்று. தேநீர்க் கடைக்காரர் தனிக் குவளை கழுவி வைத்து, “சாமி, பால் தரட்டுங்களா?” என்று கேட்டார். மாலையில் பஜனைக்குப் போனதால் கடைவீதி பக்கம் செல்லவில்லை. பக்கத்துத் தறிக்காரர், நெடுநாள் நண்பர், இவர் வருவதைக் கண்டதும் எரியும் பீடியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். நீட்டுவார் ஒருவரும் இல்லை. இறைவன்பால் கொண்ட அச்சமும் அன்பும் அவரைக் காத்தன என்பது உண்மையே. அவற்றோடு இத்தனை காவல்களும் அவரைச் சுற்றி நின்றன.

மாலை கழன்றதும் இவை அனைத்தும் ஒரே நாளில் கழன்றுவிடுகின்றன. விடியற்காலை நீராட்டு நின்றுவிடுகிறது. ‘சாமி’ என்றவர்கள் பெயர் சொல்லி அழைக்கின்றனர். முதுகுக்குப் பின்னால் மறைத்த அதே கை முன்னால் நீள்கிறது. “மாலைதான் கழட்டியாச்சே, அப்புறம் என்ன மாப்ளே?”

மாலையைக் கழற்றிய பின் நீராட்டையும் கைவிட வேண்டும் என்று எந்த சாத்திரமும் கூறவில்லை. தை மாதம் முடியும் வரையேனும் நான்கரை மணி எழுச்சியை விடாதிருக்கலாம். மாலைப்பொழுதில் பஜனை இல்லாவிடினும் கோயிலுக்குச் செல்லும் வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம். பழைய தேநீர்க் கடைக்குப் பதில் பீடி விற்காத வேறொரு கடையை நாடலாம். மலைக்குப் புறப்படும் முன்பே நண்பரிடம், “திரும்பி வந்த பிறகும் நீட்டாதே” என்று சொல்லி வைப்பது மிக நன்று. வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தால் நாக்கு எழாது.

இவ்வளவு செய்தும் வேட்கை எழாது என்று கூறுவதற்கில்லை. நிச்சயம் எழும். உடம்பின் தொல்லை தணிந்த பின்னும், பழைய இடத்தையோ பழைய நண்பரையோ கண்டால், உணவுக்குப் பின், சச்சரவுக்குப் பின், சில மாதங்கள் வரை அது திடீரென்று தலைகாட்டும். அறிய வேண்டியது அதன் ஆயுள். எழுந்த வேட்கை கொடுத்தால்தான் அடங்கும் என்று எண்ணுவது தவறு. பெரும்பாலும் 5 நிமிடம், மிஞ்சினால் 10 நிமிடம். பிறகு கொடுக்காமலேயே தணிகிறது. ஒரு செம்பு நீரைச் சிறிது சிறிதாகப் பருகலாம். மூச்சை மெல்ல இழுத்து மெல்ல விடலாம். திருக்கோயிலின் பெரிய பிராகாரத்தை ஒருமுறை வலம் வரலாம். கந்த சஷ்டி கவசம் முழுவதும் ஓத ஏறத்தாழ 20 நிமிடம் ஆகிறது. பாதியை எட்டும் முன்பே வேட்கை ஓய்ந்திருக்கும். ஓதத் தெரியாதவர் வீட்டுக் கொடியிலுள்ள துணிகளை மடித்து வைத்தாலும் அதே பயன் உண்டு.

மேடைகளில் பேசத் தயங்கும் ஒன்றையும் இங்கே கூறியாக வேண்டும். “பீடி பிடிக்காவிட்டால் வயிறு கழிவதில்லை” என்று ஆடவர் பலர் கூறுவர். வீட்டார் அதனைச் சாக்கு என்று இகழ்கின்றனர். அது சாக்கு அன்று. நிக்கோட்டின் குடலை இயக்குகிறது. நிறுத்தியவருக்குச் சில வாரங்கள் மலச்சிக்கல் வருவது உண்டு. விரத காலத்தில் அது பெரிதாகத் தோன்றாததற்கு, கீரையும் பழமும் மிகுந்த சைவ உணவும் ஒரு காரணமாக இருக்கலாம். விரதம் முடிந்ததும் அந்த உணவு மாறும்போது வயிறு பீடியை நினைவூட்டுகிறது. காலையில் வெந்நீர், கொய்யா, வாழைப்பழம், கீரை, நடை ஆகியவற்றைத் தொடர்ந்தால் குடல் தன் வேலையைத் தானே செய்யக் கற்றுக்கொள்ளும்.

இருமலும் அவ்வாறே. நிறுத்திய பின் சிலருக்கு இருமல் கூடுகிறது. ‘பீடி இருந்தவரை நெஞ்சு நன்றாயிருந்தது’ என்று அவர்கள் முடிவு கட்டுகின்றனர். புகையால் செயலிழந்திருந்த காற்றுக்குழாயின் நுண்மயிர்கள் மீண்டும் உயிர்பெற்று, தேங்கிய சளியை வெளியே தள்ளுவதால் வரும் இருமல் அது. சில வாரங்களுக்கு மேல் நீடித்தாலோ, சளியில் இரத்தம் தோன்றினாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். காப்பி, தேநீரின் அளவையும் குறைப்பது நல்லது. புகைப்பவரின் உடம்பு காப்பியிலுள்ள காஃபீனை விரைவாகச் செரித்து வெளியேற்றுகிறது. புகை நின்றதும் அந்த வேகம் குறைவதால், பழைய அளவுக் காப்பியே படபடப்பையும் உறக்கமின்மையையும் தருகிறது. பழி புகையை விட்டதன் மேல் விழுகிறது. இன்சுலின் போடுபவர்களும் மனநல மருந்து உண்பவர்களும், தாம் புகையை நிறுத்தியதை மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். மருந்தின் அளவை மாற்ற நேரிடலாம்.

இல்லத்தரசியர்க்கும் ஒரு சொல். முதல் வாரத்துச் சினம் அந்த மனிதரின் இயல்பு அன்று. உடம்பு பேசுகிற பேச்சு. “எத்தனை நாளைக்கோ பார்க்கலாம்” என்ற ஏளனத்தை மட்டும் தவிர்த்துவிட்டால் போதும். வேறு உபதேசம் வேண்டுவதில்லை.

மாலையின் துணையிருந்தும் முதல் மூன்று நாட்களைத் தாங்க இயலாதவர்களும் உண்டு. எழுந்த அரை மணிக்குள் முதல் பீடியைத் தேடுபவர்களுக்குப் பழக்கம் ஆழமாக வேரூன்றியிருக்கும். அவர்கள் மருத்துவ உதவியை நாடுவதில் வெட்கம் ஏதுமில்லை. நிக்கோட்டின் அடங்கிய மெல்லும் பசை மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. அதனை வெற்றிலை போல் தொடர்ந்து மென்று விழுங்கக் கூடாது. மெல்ல மென்று, காரம் தோன்றியதும் கன்னத்தின் ஓரம் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியபின் மீண்டும் மெல்ல வேண்டும். புகையிலுள்ள தாரும் கார்பன் மோனாக்சைடும் அதில் இல்லை. இதய நோய் உடையவர்களும் கருவுற்ற மகளிரும் மருத்துவரைக் கேளாமல் எடுத்தல் ஆகாது. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் புகையிலைப் பழக்கத்தை விடுவிக்கும் சிகிச்சை 2002ஆம் ஆண்டு முதல் நடைபெறுகிறது. 1800 11 2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் தமிழிலும் ஆலோசனை பெறலாம். 2018 முதல் சிகரெட் பெட்டிகளின் மீதே அந்த எண் அச்சிடப்படுகிறது. புகைப்பவர் நாளும் பல முறை கையில் எடுக்கும் எண்ணே அது, படித்தவர் சிலரே.

பலர் கேட்கும் ஐயம் ஒன்று உண்டு. ‘ஒருமுறை தவறிவிட்டால் விரதம் கெட்டதுதானே, இனி நிறுத்தி என்ன பயன்?’ விரதத்துக்குரிய விதி வேறு. உடம்புக்குரிய விதி வேறு. 60 நாள் விட்டவர் ஒரு திருமண வீட்டில் ஒரு பீடி புகைத்தார் என்பதால் அந்த 60 நாளும் அழிந்துவிடுவதில்லை. அன்றிரவே ஒரு கட்டு வாங்கினால்தான் அழிகிறது. பலமுறை முயன்ற பின்னரே நிலையாக விட்டவர்கள் மிகப் பலர். ஆண்டுதோறும் மாலை அணிந்து, ஆண்டுதோறும் 41 நாள் விட்டு, மீண்டும் தொடங்கும் அடியாரைப் பார்த்து ஊரார் நகைப்பதுண்டு. நகைக்கத் தேவையில்லை. பத்து ஆண்டு மாலை அணிந்தவர் பத்து முறை விட்டுப் பழகியவர். விடவே முடியாது என்று அவர் மட்டும் சொல்ல இயலாது.

இதில் பணயமாக இருப்பது என்ன என்பதை இந்நாட்டு மண்ணிலேயே கணக்கெடுத்துள்ளனர். சென்னை நகரத்திலும் விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர்களிலும் இறந்துபோன 43,000 ஆடவர்களின் விவரங்களைத் திரட்டி, உயிரோடிருந்த 35,000 பேரின் விவரங்களோடு ஒப்பிட்ட ஆய்வு, 2003ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்தது. புகைத்தவர்கள் காசநோயால் இறப்பது, புகைக்காதவர்களைப் போல் 4 மடங்குக்கும் மேலாக இருந்தது. புற்றுநோய் ஒன்றையே அஞ்சி, ‘நம் குடும்பத்தில் அந்த நோய் இல்லை’ என்று ஆறுதல் கொள்பவர்கள் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும். பீடி இலையால் சுற்றியது, ஆகவே சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு என்ற எண்ணமும் தவறு. பீடி அணையாதிருக்க அடிக்கடியும் ஆழமாகவும் இழுக்க வேண்டியிருக்கிறது.

விடுவதற்கு வயது கடந்துவிட்டது என்று கருதுபவர்களுக்கு இங்கிலாந்து மருத்துவர்களைப் பற்றிய நெடிய ஆய்வு விடை தருகிறது. 1951இல் தொடங்கிய அவ்வாய்வின் 50 ஆண்டு முடிவுகள் 2004இல் வெளிவந்தன. புகைத்தவர்கள் சராசரியாக 10 ஆண்டு முன்னதாக இறந்தனர். 60 வயதில் விட்டவர்கள் ஏறத்தாழ 3 ஆண்டும், 50 வயதில் விட்டவர்கள் 6 ஆண்டும், 40 வயதில் விட்டவர்கள் 9 ஆண்டும் மீட்டுக்கொண்டனர். குமாரபாளையத்துத் தறிக்காரரின் வயது 42. அவர் கையில் இருப்பது ஏறத்தாழ அந்த 9 ஆண்டு. மகள் இப்போது ஏழாம் வகுப்பில் படிக்கிறாள் என்றால், அந்த ஒன்பது ஆண்டில் பேரன் பேத்தியர் பள்ளிக்குப் போவதைக் காண்பதும் அடங்கும்.

அவர் மாலை கழற்றிய மறுநாள் இரவு ஷிப்டு. இரண்டு மணிக்கு நூல் அறுந்து ஒரு தறி நின்றது. பக்கத்துத் தறிக்காரர் வழக்கம்போல் வெளியே சென்று, கட்டைப் பிரித்து ஒன்றை நீட்டினார். இவர் கை பாதி நீண்டது. பிறகு அந்தக் கையாலேயே குழாயைத் திருப்பி, செம்பில் நீர் பிடித்துக் குடித்தார். “மாலைதானே மாப்ளே கழட்டினேன்” என்றார். நண்பர் சற்று நேரம் பார்த்திருந்துவிட்டு, பீடியைக் காதில் செருகிக்கொண்டார். உள்ளே சென்று அறுந்த இழையைத் தேடி எடுத்து, முடிச்சிட்டு, விழுது வழியே கோத்து முடிக்கச் சில நிமிடங்கள் ஆயின. தறி மீண்டும் ஓடத் தொடங்கியபோது, எதற்காக வெளியே போனோம் என்பதே அவருக்கு நினைவில் இல்லை.